'கேஸ் முடிஞ்சிருச்சு': கார் ஏர்கோன் பழுதைக் கண்டறிவது எப்படி?

கார் ஏர்கோன் குளிரவில்லை என்று பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது இந்த வாக்கியம்தான்: "கேஸ் முடிஞ்சிருச்சு. ஊத்திட்டா சரியாப் போயிடும்." நாமும் தலையாட்டுகிறோம். கேஸ் ஊற்றுகிறார்கள், குளிர்கிறது, பணத்தைக் கட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் காருக்குள் புழுக்கம். மறுபடியும் அதே வாக்கியம், அதே செலவு.

ஆசிரியர்களே, மாணவர்களே, அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'முடிந்தது' என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் பொருளுக்குரிய வினை. பெட்ரோல் முடியும். சமையல் எரிவாயு முடியும். பேனா மை முடியும். ஏர்கோனுக்குள் இருக்கும் கேஸ் அப்படிச் செலவாவதே இல்லை. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால், எங்கோ ஓர் ஓட்டை வழியாக வெளியே போயிருக்கிறது. ஆக, சரியான வினை 'கசிந்துவிட்டது' என்பதே. 'முடிந்தது' என்று சொன்னால் அடுத்து வரும் கேள்வி "எவ்வளவு ஊத்தணும்?" 'கசிந்தது' என்று சொன்னால் அடுத்து வரும் கேள்வி "எங்க கசியுது?" முதல் கேள்வி மூன்று மாதத்துக்கு ஒரு முறை பணம் கேட்கும். இரண்டாவது கேள்விதான் பழுதைத் தீர்க்கும்.

மொழிப்பாட இதழில் கார் பட்டறை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காரணம் விளக்கி எழுதும் கட்டுரைகளில் நம் மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். அறிகுறியைக் காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். காரணத்தைச் சொல்லாமலே தீர்வுக்குத் தாவிவிடுகிறார்கள். ஏர்கோன் எல்லா மாணவருக்கும் பழகிய பொருள். அப்பாவின் காரிலோ பள்ளி வேனிலோ அதன் கோளாற்றை அனுபவித்திருப்பார்கள். படிவம் 5 முடித்துவிட்டு வாகனத் தொழில்நுட்பம் படிக்கப் போகிற பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். பணமும் சம்பந்தப்பட்டது. தேவையில்லாமல் ஒரு கம்ப்ரசரை மாற்றினால், பி40 குடும்பத்தின் ஒரு மாத மளிகைச் செலவு அதில் போய்விடும்.

முதலில், அது எப்படிக் குளிர்கிறது?

ஊசி போடுவதற்கு முன் தாதி கையில் ஸ்பிரிட் தடவுவார். தடவிய இடம் சில்லென்று இருக்கும். ஸ்பிரிட் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வந்ததல்ல. அறை வெப்பத்தில்தான் இருந்தது. அது ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் சில்லிடுகிறது. ஏர்கோன் முழுக்க முழுக்க இந்த ஒரு விதியின்மேல் நிற்கிறது: திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும், ஆவி மறுபடி திரவமாகும்போது அந்த வெப்பத்தை வெளியே விடும். எனவே 'ஏர்கோன் குளிரை உற்பத்தி செய்கிறது' என்று எழுதாதீர்கள். அது காருக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது.

ஸ்பிரிட்டுக்குப் பதிலாக இங்கே வேலை செய்வது ஆர்-134ஏ என்ற குளிர்பொருள். சாலையில் ஓடும் பல கார்களில் இதுதான் இருக்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை ஏறும், குறைத்தால் இறங்கும். அழுத்தத்தை ஏற்றி இறக்கி, வேண்டிய இடத்தில் ஆவியாக்கி, வேண்டிய இடத்தில் திரவமாக்குவதுதான் மொத்த விளையாட்டும்.

கம்ப்ரசர், இஞ்சின் பெல்ட்டால் சுழன்று ஆவியை அமுக்குகிறது. அமுக்கப்பட்ட ஆவி தொட முடியாத அளவுக்குச் சூடாகி, காரின் முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்குப் போகிறது. வெளிக்காற்று அங்கே அதன் சூட்டை வாங்கிக்கொள்ள, ஆவி திரவமாகிறது. வழியில் டிரையர் என்ற சிறு குப்பி ஈரத்தையும் தூசியையும் பிடித்துக்கொள்கிறது. அடுத்து எக்ஸ்பேன்ஷன் வால்வு. மிகக் குறுகிய துளை. அதைக் கடந்ததும் அழுத்தம் சட்டென்று விழுகிறது. திரவம் குளிர்ந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகத் தொடங்குகிறது. புளோவர் தள்ளும் காற்று அந்தக் காயிலைத் தொட்டு, வெப்பத்தை இழந்து, குளிர்காற்றாக நம் முகத்தில் வீசுகிறது. ஆவி மறுபடி கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. காற்றில் இருந்த ஈரம் காயிலில் நீர்த்துளியாகி, ஒரு சிறு குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டுகிறது. நிறுத்திய காருக்குக் கீழே தெளிந்த தண்ணீர் தேங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். ஏர்கோன் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

கம்ப்ரசருக்கும் கண்டென்சருக்கும் தமிழில் என்ன என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அமுக்கி, ஒடுக்கி, ஆவியாக்கி என்ற சொற்கள் உண்டு. தேர்வில் தாராளமாக எழுதலாம். ஆனால் 'அமுக்கி பழுதானது' என்று மொட்டையாக எழுதினால் திருத்துபவர் எதை நினைத்துக்கொள்வார்? முதல் தடவை 'ஆவியை அமுக்கி அனுப்பும் அமுக்கி' என்று வேலையோடு சேர்த்து எழுதுங்கள். பிறகு தனியாக எழுதலாம். அறிமுகம் இல்லாத கலைச்சொல் பத்து இருப்பதைவிட, வேலையை விளக்கிய கலைச்சொல் மூன்று இருப்பது மேல் என்பது என் கருத்து.

பானெட்டைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

நல்ல ஃபோர்மன் முதலில் கருவியை எடுக்க மாட்டார். கேள்விதான் கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் நாம் நம்மையே கேட்டுக்கொண்டு போகலாம்.

காற்று வருகிறதா, வரும் காற்று குளிரவில்லையா? இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். 'ஏர்கோன் வேலை செய்யல' என்ற ஒரே வாக்கியம் இரண்டையும் மூடி மறைத்துவிடுகிறது. காற்றே வரவில்லை என்றால் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; ஃபியூஸ், புளோவர் மோட்டார், அதற்குப் போகும் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காற்று 4ஆம் எண்ணில் மட்டும் வருகிறது, 1, 2, 3-இல் வருவதில்லை என்றால், பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும். முழு வேகத்தில் மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போவதால் 4 மட்டும் பிழைத்துக்கொள்கிறது. பழைய வகைக் கார்களில் இது அடிக்கடி வரும் கோளாறு, சின்ன பாகம்தான். காற்று எல்லா எண்ணிலும் வருகிறது, ஆனால் பலமில்லை என்றால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் அது கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது; கருவி இல்லாமலே வெளியே எடுக்கலாம். இலையும் தூசியும் அடைத்துக் கறுத்துப்போன ஃபில்டர் ஒன்றைப் பார்த்தால், அதன் வழியே காற்று எப்படி வரும் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

எப்போது குளிரவில்லை? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் மற்றதைவிட அதிக விஷயம் சொல்லும். ஜோகூர் பாலத்தில் வரிசையில் நிற்கும்போது வெதுவெதுப்பு, நெடுஞ்சாலையில் ஏறியதும் குளிர். அப்படியானால் என்ன? ஓடும் காரில் எதிர்க்காற்று தானாகவே கண்டென்சருக்குள் புகுந்து சூட்டை எடுக்கிறது. நிற்கும் காரில் அந்த வேலையை விசிறிதான் செய்ய வேண்டும். விசிறி ஓடவில்லை, அல்லது கண்டென்சரின் இதழ்களில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கிறது. ஏர்கோனைப் போட்டுவிட்டு முன்பக்கம் போய்ப் பாருங்கள், விசிறி சுற்றுகிறதா? (கையை உள்ளே விடாதீர்கள். நின்றிருக்கும் விசிறி எந்த நொடியும் சுற்றத் தொடங்கும்.) பழைய ஃபோர்மன்கள் ஓர் எளிய சோதனை செய்வார்கள். இஞ்சின் ஓடும்போது கண்டென்சர்மேல் மட்டும் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். உள்ளே காற்று உடனே நன்றாகக் குளிர்ந்தால், கோளாறு கேஸில் இல்லை. சூடு வெளியேறுவதில் இருக்கிறது. அத்தகைய காருக்குக் கேஸ் ஊற்றினால் என்ன ஆகும்? ஏற்கெனவே ஏறியிருக்கும் அழுத்தம் இன்னும் ஏறும்.

இன்னொரு வகை. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போகிறீர்கள். முதல் ஒரு மணி நேரம் பிரமாதமான குளிர். பிறகு காற்றின் பலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. புளோவர் சத்தம் மட்டும் கேட்கிறது. தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தி, தேநீர் குடித்துவிட்டு வந்தால் மறுபடி நன்றாக வேலை செய்கிறது! 'விட்டு விட்டு வருது' என்று பட்டறையில் சொன்னால் யாருக்கும் புரியாது. நடந்தது இதுதான்: கூலிங் காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, அதன்மேல் படிந்த நீர் பனிக்கட்டியாக உறைந்து, காற்று போகும் வழியை அடைத்துவிட்டது. தேநீர் குடித்த நேரத்தில் பனி உருகி வழி திறந்துகொண்டது. காயில் உறையும் முன் கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய வெப்ப உணரி கெட்டிருக்கலாம். ஃபில்டர் அடைத்துக் காற்றோட்டம் குறைந்திருக்கலாம். குளிர்பொருள் குறைந்து காயிலின் அழுத்தம் தாழ்ந்திருந்தாலும் இப்படி உறையலாம். மூன்று காரணம், ஒரே அறிகுறி. மூன்றில் மலிவானதை முதலில் சோதிப்பதுதான் புத்திசாலித்தனம்: ஃபில்டர்.

'டக்' என்ற சத்தம் கேட்கிறதா? கிளட்ச் உள்ள கம்ப்ரசர்களில் ஏர்கோன் பொத்தானை அழுத்தியதும் ஒரு 'டக்' கேட்கும். கம்ப்ரசரின் முன்தட்டு பெல்ட் சக்கரத்தோடு ஒட்டிச் சுழலத் தொடங்கும். அது கேட்கவில்லை, முன்தட்டும் சுழலவில்லை என்றால் "கம்ப்ரசர் போயிருச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பொறுங்கள். கம்ப்ரசருக்குள் உராய்வைத் தடுக்கும் எண்ணெய் குளிர்பொருளோடு கலந்துதான் சுற்றுகிறது. குளிர்பொருள் மிகவும் குறைந்துவிட்டால் எண்ணெயும் சரியாகத் திரும்பி வராது; கம்ப்ரசர் தேய்ந்துவிடும். அதைக் காப்பாற்ற ஓர் அழுத்த ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். அழுத்தம் குறைந்தால் அது கம்ப்ரசருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதாவது நல்ல கம்ப்ரசர், நல்ல காரணத்துக்காகவே ஓடாமல் நிற்கலாம். ஃபியூஸும் ரிலேயும் கெட்டிருந்தாலும் இதே நிலைதான். ஓடாத கம்ப்ரசருக்கும் கெட்ட கம்ப்ரசருக்கும் உள்ள வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்காமல் புதியதை மாட்டுவதில்தான் பெரிய பணம் வீணாகிறது. (சில புதிய கார்களில் கிளட்சே கிடையாது; அவற்றில் 'டக்' சத்தத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் கம்ப்ரசருக்கு ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த வயர் போகும். அதைத் தொடவே கூடாது. பயிற்சி பெற்றவருக்கு விட்டுவிடுங்கள்.)

வெப்பநிலைத் திருகியில் சிவப்புப் பகுதி இருக்கிறதா? நம் நாட்டில் பலருக்குத் தங்கள் காரில் ஹீட்டர் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. தேவைப்பட்டால்தானே தெரியும்! ஹீட்டர் உள்ள காரில், இஞ்சினில் சூடான தண்ணீர் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாக ஓடும். குளிர்ந்த காற்றில் எவ்வளவு பகுதி அதன் வழியாகப் போக வேண்டும் என்பதை ஒரு தகட்டுக் கதவு தீர்மானிக்கும். அந்தக் கதவு சிக்கிக்கொண்டால், காயில் ஒழுங்காகக் குளிர்ந்தாலும் காற்று பக்கத்திலேயே மறுபடி சூடாகிவிடும். குளிர் நாடுகளில் ஹீட்டர் சுடவில்லை என்றால் சந்தேகப்படும் பாகங்களில் இதே கதவும் ஒன்று. அங்கே இஞ்சின் தண்ணீர் குறைவும், திறந்த நிலையில் நின்றுவிட்ட தெர்மோஸ்டாட்டும் சேர்ந்துகொள்ளும். இங்கே அதைத் தலைகீழாகப் பார்க்கிறோம். சோதனை எளிது. பானெட்டுக்குள் இருக்கும் இரண்டு ஏர்கோன் குழாய்களில் தடித்தது சில்லென்று வியர்த்திருக்கிறது, ஆனால் உள்ளே காற்று வெதுவெதுப்பு என்றால், கேஸை விட்டுவிட்டுக் கதவைத் தேடுங்கள். மெல்லிய குழாயைத் தொட வேண்டாம், சூடாக இருக்கலாம்.

பயணியின் காலடியில் தண்ணீர் தேங்கினால் சொட்டுக்குழாய் அடைத்திருக்கிறது. புளிச்ச நாற்றம் வந்தால் காயிலில் பூஞ்சை. இரண்டும் குளிரோடு தொடர்பில்லாதவை.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தைப் படித்த மாணவருக்கு இந்த வரிசை புதிதாக இருக்காது. நோய் எது, அதன் காரணம் எது, தணிக்கும் வழி எது என்ற ஒழுங்கை வள்ளுவர் அங்கே வைத்திருக்கிறார். மேற்கோளாக மனனம் செய்துவிட்டு, கட்டுரையில் நேரே வழிக்குப் போய்விடுவதுதான் நம் வழக்கம்.

அழுத்தமானி சொல்வதும் சொல்லாததும்

கேள்விகள் முடிந்த பிறகுதான் நீலம், சிவப்பு என்று இரண்டு அழுத்தமானிகள் வர வேண்டும். நீலம் தாழ்ந்த அழுத்தப் பக்கம். சிவப்பு உயர்ந்த அழுத்தப் பக்கம்.

இஞ்சினை நிறுத்திக் கொஞ்ச நேரம் ஆனதும் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஆர்-134ஏ என்றால் அது ஏறக்குறைய 95 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். "பாருங்க, பிரஷர் இருக்கு, கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வீட்டுச் சமையல் எரிவாயுத் தோம்பை நினைத்துக்கொள்ளுங்கள். முக்கால் தோம்பு இருந்தாலும் கால் தோம்பு இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது. எவ்வளவு மிச்சம் என்று தெரிய நாம் தோம்பைத் தூக்கித்தான் பார்க்கிறோம். உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும்வரை அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலையே, அளவு அல்ல. ஏர்கோனும் அப்படித்தான். நிற்கும் காரில் அழுத்தமானி 'கேஸ் இருக்கிறது' என்று மட்டும் சொல்லும். 'எவ்வளவு' என்று சொல்லாது. அளவைத் தெரிந்துகொள்ள எடை போட வேண்டும். சிறிய கார்களுக்கு வேண்டியது பொதுவாக அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். சரியான கிராம் கணக்கு பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் சிறு தாளில் இருக்கும். போய்ப் பாருங்கள்.

இஞ்சின் ஓடும்போது எண்கள் பிரியும். நம் ஊர் வெயிலில் நீலம் 30 முதல் 40, சிவப்பு 200 முதல் 250 என்றால் நலம் என்று வைத்துக்கொள்ளலாம். காருக்குக் கார் வேறுபடும். இரண்டும் தாழ்ந்திருந்தால் குளிர்பொருள் குறைவு. நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் கம்ப்ரசரால் அமுக்க முடியவில்லை. இப்போதுதான் கம்ப்ரசரைக் குற்றம் சொல்ல ஆதாரம் கிடைக்கிறது. இரண்டும் ஏறியிருந்தால் கண்டென்சர் சூட்டை விடவில்லை, அல்லது யாரோ அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள், அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. நீலம் பூச்சியத்துக்கும் கீழே போனால் எக்ஸ்பேன்ஷன் வால்வில் அடைப்பு இருக்க வாய்ப்புண்டு.

'அளவுக்கு மேல்' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் இன்னும் குளிரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கண்டென்சருக்குள் ஆவி திரவமாக மாற இடம் வேண்டும். அந்த இடத்தைக் கூடுதல் திரவம் பிடித்துக்கொண்டால் மாற்றம் சரியாக நடக்காது, அழுத்தம் ஏறும், குளிர் குறையும். எல்லை தாண்டினால் பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும்.

கசிவைத் தேடுதல்

குளிர்பொருள் குறைவு என்று உறுதியானால், அடுத்த வேலை ஊற்றுவதல்ல, தேடுவது. ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் குழாய்கள் வழியாகவும் கம்ப்ரசரின் தண்டு சீல் வழியாகவும் ஆண்டுக் கணக்கில் மிகச் சிறிதளவு கசிவது இயல்பு. ஏழெட்டு வருடம் ஓடிய காரில் முதல் முறையாகக் கொஞ்சம் குறைந்திருந்தால் அதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று மாதத்தில் குறைந்தால் அது ஓட்டை.

கசியும் இடத்தில் குளிர்பொருளோடு எண்ணெயும் வெளிவரும். எண்ணெய்மேல் தூசி ஒட்டும். குழாய் இணைப்புகளிலும், கல் பட்டு அடிவாங்கும் கண்டென்சரிலும், கம்ப்ரசரின் முன்பக்கத்திலும் எண்ணெய்ப் பிசுக்கான கறுப்புத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பதற்குக் காசு எதுவும் வேண்டாம். அடுத்து, சோப்பு நுரை. அதற்கும் அகப்படாத சிறு கசிவுக்கு, குளிர்பொருளோடு ஒரு சாயத்தைக் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு வந்தால், புற ஊதா விளக்கில் கசிந்த இடம் பளிச்சென்று ஒளிரும். மின்னணு மோப்பக் கருவியும் உண்டு. பிரச்சனைக்குரியது கூலிங் காயில்தான். டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருப்பதால் கண்ணால் பார்க்க முடியாது. மாற்ற வேண்டுமானால் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி கூடுதலாகலாம். அதனால்தான் அதைச் சந்தேகத்தின் பேரில் மாற்றக்கூடாது. நைட்ரஜன் அடைத்து அழுத்தம் குறைகிறதா என்று பார்த்து, காயில்தான் கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

ஓட்டையை அடைத்த பிறகும் உடனே கேஸ் ஏற்றக்கூடாது. வேக்குவம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வேண்டும். ஈரம் தங்கினால் எக்ஸ்பேன்ஷன் வால்வின் குறுகிய துளையில் உறைந்து வழியை அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலத்தன்மை உண்டாகி உலோகத்தை அரிக்கும். குழாய்கள் திறந்து கிடந்திருந்தால் டிரையரையும் மாற்றுவது நல்லது. வேக்குவம் பம்பை நிறுத்திய பின் அழுத்தமானியின் முள் அப்படியே நிற்கிறதா என்று சில நிமிடம் பார்ப்பது இன்னொரு கசிவுச் சோதனை. அதற்குப் பிறகே எடை போட்டு, கிராம் கணக்கில் குளிர்பொருளை ஏற்ற வேண்டும்.

இதை வீட்டில் நீங்களே செய்து பார்க்காதீர்கள். பீறிட்டு வரும் திரவம் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். வேண்டுமென்றே காற்றில் திறந்துவிடுவதும் தவறு. முன்பு கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுத்ததால், 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையைத் தொடர்ந்து கைவிடப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் எடைக்கு எடை ஒப்பிட்டால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது. 2016ஆம் ஆண்டின் கிகாலித் திருத்தம் இதையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. புதிய கார்கள் பலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் வந்துவிட்டது. ஒன்றோடு ஒன்றைக் கலக்கக்கூடாது. ஓட்டையை அடைக்காமல் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கேஸ் முழுவதும் கடைசியில் போய்ச் சேரும் இடம் வானம்தான். சுற்றுச்சூழல் தலைப்பு வந்தால் மாணவர்கள் 'மரம் நடுவோம்' என்று நிறுத்திவிடாமல் இதையும் எழுதலாமே.

வகுப்பறைக்கு

இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். 'ஏர்கோன் குளிரவில்லை, ஆகவே கேஸ் ஊற்ற வேண்டும்.' 'நெரிசலில் நிற்கும்போது மட்டும் குளிர் குறைவதால், விசிறி ஓடாமல் இருக்கலாம்.' முதல் வாக்கியத்தில் 'ஆகவே' என்ற சொல் எதையும் நிரூபிக்காமலே முடிவுக்கு வந்துவிட்டது. இரண்டாவதில் 'மட்டும்' மற்ற காரணங்களை விலக்குகிறது. 'இருக்கலாம்' இன்னும் சோதனை பாக்கி என்பதை ஒப்புக்கொள்கிறது. விசிறியைப் பார்த்த பிறகு 'இருக்கலாம்' போய், 'விசிறி ஓடாததே காரணம்' என்று எழுதும் உரிமை கிடைக்கிறது. 'இருக்கலாம்' என்பதிலிருந்து 'இதுவே காரணம்' என்பதற்கு எங்கே மாறினோம் என்று மாணவரைக் கோடிட்டுக் காட்டச் சொல்லுங்கள். காரணகாரியத் தொடர்களைத் தனியாகப் பயிற்றுவிப்பதைவிட இது விரைவில் பிடிபடும்.

இணைப் பயிற்சியாகவும் செய்யலாம். ஒருவர் கார்க்காரர், அவர் கையில் பழுது எழுதிய ஓர் அட்டை. மற்றவர் ஃபோர்மன், ஐந்து கேள்விகள் மட்டும் கேட்கலாம். "என்ன பழுது?" என்று நேராகக் கேட்கக்கூடாது. ஐந்துக்குள் கண்டுபிடித்துவிட்டால், எந்தக் கேள்வி எந்தக் காரணத்தை விலக்கியது என்று ஒரு பத்தி எழுத வேண்டும். கேள்வியை வீணாக்கினால் என்ன ஆகும் என்பதை அவர்களே உணர்ந்துகொள்வார்கள்.

பட்டறைக்குப் போகிறவர்களுக்கும் பேசிப் பார்க்க ஒரு மாதிரி தருகிறேன். சண்டை போடும் தொனி வேண்டாம். பெரும்பாலான ஃபோர்மன்கள் விவரமாகக் கேட்பவரிடம் விவரமாகவே பேசுவார்கள்.

"அண்ணே, காத்து நல்லாத்தான் வருது. காலையில குளிருது, மத்தியானம் ஜாம்ல நின்னா சூடாயிடுது. ஹைவேயில மறுபடி குளிருது. முதல்ல ஃபேனையும் கண்டென்சரையும் பாத்துச் சொல்லுங்க. கேஸ் குறைவுன்னா எங்க கசியுதுன்னு காட்டுங்க, அதுக்கப்புறம் போடலாம். போடறப்ப, பழைய கேஸை மெஷின்ல இழுத்தப்ப எத்தனை கிராம் வந்துச்சு, இப்ப எத்தனை கிராம் ஏத்துனீங்கன்னு பில்லுல எழுதிக் குடுத்துடுங்கண்ணே."